வல்லைத் தண்ணீரில் இரண்டு மாரி

"…கயித்தைக் கட்டையாக் கட்டினதுக்கு நான் கோவிக்கேல்லை, அது உங்கடை பிறவிக் குணம். 'விட்டுத்தான் கட்டினனான்' எண்டு எனக்குச் சொன்னியள் பாருங்கோ, அதுக்குத்தான். இனி உதுக்குள்ளை நான் உலை வைக்க மாட்டன். உடுப்பிட்டியிலை அந்த ரெண்டறை வீட்டுக்கு இண்டைக்கே ஓம் எண்டு சொல்லப் போறன். வாறதெண்டா வாங்கோ. வராட்டி உங்கடை வள்ளத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

என் மனைவி இதைச் சொன்னபோது காலை ஏழு மணி இருக்கும். கார்த்திகை மாதம். ஐந்து நாள் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வல்லைப் பாலத்துக்குத் தெற்குப் பக்கம், தரவைப் புல்வெளியின் ஓரம், நாங்கள் குடியிருந்த வள்ளம் ஒரு பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டும் மறுபக்கம் சேற்றில் புதைந்துகொண்டும் சரிந்து கிடந்தது. அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். தலைமயிரில் சேறு. இடது முழங்கையை வலது கையால் பிடித்திருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பது வருடம், சண்டை ஓடவிட்ட காலமெல்லாம், யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் மினிபஸ் ஓட்டினேன். எனக்கு வந்த படிப்பெல்லாம் பின் சீற்றுகளிலிருந்து வந்ததுதான். சந்தைக்குப் போகிற பெண்கள், வழக்குக்குக் கோட்டுக்குப் போகிற கிழவர்கள், செத்த வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று எல்லோரும் தங்கள் தங்கள் சொல்லை என் காதில் போட்டுவிட்டு இறங்கினார்கள். கண் ரோட்டில் இருக்கும், காது பின்னால் இருக்கும். "கதை கேக்கிற டிரைவர் பிரேக்கைப் பிந்தித்தான் பிடிப்பான்" என்று என் கொண்டக்டர் சொல்லுவான். அதுவும் நான் பொறுக்கிய சொல்தான்.

ஒரு நாளைக்கு நாலு தரம் வல்லைப் பாலத்தைக் கடப்பேன். இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்கப்பால் வெளி. மாரியில் அந்தத் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று தெரியாத மாதிரிக் கிடக்கும். கொக்குகள் நிற்கும். ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுவான், வலை விரிகிறது தெரியும், அது விழுகிறதைப் பார்க்க முன்னம் பாலம் முடிந்துவிடும். பாலத்தில் நிற்பாட்ட ஏலாது, பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். முப்பது வருடமாக நான் பார்த்ததெல்லாம் வலை விரிகிறதைத்தான். விழுகிறதைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது எனக்கு. ஆசை என்றால் அவ்வளவுதான், பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பஸ்ஸை விற்ற அடுத்த வருடம் மகளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அரியாலையில் இருந்த வீட்டை எழுதிக் கொடுத்தோம். மகளும் மருமகனும் எங்களை முன்னறையில் இருக்கச் சொன்னார்கள். மருமகன் நல்லவர், அதுதான் கரைச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவர் நான் உள்ளே வந்தால் கதிரையை விட்டு எழும்புவார், டீவிச் சத்தத்தைக் குறைப்பார். என்னுடைய வீட்டில் நானே விருந்தாளியாகி, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "இருங்கோ, இருங்கோ" என்று சொல்லவேண்டி வந்தது.

அப்போதுதான் இருபத்தெட்டு அடி நீளமான பழைய பைபர் வள்ளம் ஒன்று விலைக்கு வந்தது. வாங்கி, மேலே பலகையால் ஒரு அறை அடித்து, தகரம் போட்டேன். ஆறடி அகலம். முன்னுக்குப் படுக்கை, நடுவில் சாமான், பின்னுக்கு மண்ணெண்ணெய்க் குக்கர் வைத்த குசினி, அதற்குப் பின்னால் எஞ்சின். உள்ளே ஒருவர் போகவேண்டும் என்றால் மற்றவர் வெளியே வரவேண்டும்.

என் மனைவி குருநகர்க்காரி. தகப்பனும் தம்பிமாரும் கடலுக்குப் போகிறவர்கள். "வாற புருசன் ஆராயும் இருக்கட்டும், கடலுக்குப் போறவனாய் மட்டும் இருக்கக் கூடாது" என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு பஸ்காரனைக் கட்டியவள் அவள். அப்படிப்பட்டவளை அறுபதாவது வயதில் கொண்டுபோய் வள்ளத்தில் இருத்தினேன். நான் உடுப்பிட்டித் தோட்டக்காரன் மகன். தண்ணீர் என்றால் எனக்கு வாய்க்காலில் ஓடுகிறது, கிணற்றில் கிடக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

"எலி வளையெண்டாலும் தனி வளை வேணுமப்பா" என்றேன்.

"எலி வளையிலை அலை அடிக்காது" என்றாள்.

மூன்றாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஒரு வருசம். உங்களுக்காக ஒரு வருசத்துக்கு வாறன். இந்த மாசிக்கு ஏறினா அடுத்த மாசிக்குக் கரை. ஒரு சின்ன வீடு, வாசலிலை கிணறு. ஓமோ?"

"ஓம்" என்றேன்.

முதலில் அரியாலைக் கடலில்தான் விட்டோம். மச்சான், அவளுடைய கடைசித் தம்பி, குருநகரிலிருந்து பார்க்க வந்தான். கரையில் நின்று முன்னும் பின்னும் பார்த்தான்.

"அத்தான், உது வள்ளமோ கோழிக்கூடோ?"

"வீடு."

"அப்ப முட்டை இடாதோ?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, அது உள்ளே ஓரிடத்தில் போய் இருந்துகொண்டது.

அவன் சொன்னது சரிதான். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியது. நான் அடித்த பலகை அறை பாய் மாதிரிக் காற்றைப் பிடித்தது. வள்ளம் நின்ற இடத்தில் சுற்றியது. அவள் குசினியில் இருந்து அரிசி களைகிறபோது வலப்பக்கம் இருந்த தேவாலயக் கோபுரம், உலை கொதிக்கிறபோது இடப்பக்கம் நிற்கும். கடற்காரி என்றபடியால் அவளுக்குத் தலை சுற்றவில்லை. எனக்குத்தான் சுற்றியது. நான் சத்தி எடுத்துக்கொண்டு படுத்திருக்க, எஞ்சினைத் துடைத்து, தண்ணீரை இறைத்து, சமைத்து, எல்லாம் அவள்தான். ஆவணி முடிகிறபோது நானே சொன்னேன், வல்லைக்குப் போவோம், அங்கே அலை இல்லை, மாரியோடு தண்ணீர் நிரம்பும், ஊர்களைச் சுற்றிப் பார்க்கலாம் என்று.

"வருசம் அரியாலையிலையிருந்து எண்ணினதோ, வல்லையிலையிருந்து எண்ணிறதோ?" என்று கேட்டாள்.

"அரியாலையிலையிருந்துதான்" என்றேன்.

தண்ணீர் வழியாக அரியாலையிலிருந்து வல்லைக்குப் போக வழியில்லை. டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். டிராக்டர்காரர் அச்சுவேலி ஆள், தன்னுடைய சந்தியில் தேத்தண்ணி குடிக்காமல் எங்கேயும் போகமாட்டார். சந்தை நாள். இருபத்தெட்டு அடி வள்ளத்தோடு சந்தைக்கு முன்னால் போய் நின்றோம். சாமான் உருளாமல் பிடிக்கவென்று என் மனைவி வள்ளத்துக்குள்ளேயே இருந்தாள். ஜன்னலால் முகம் தெரிந்தது.

"அண்ணை, கடல் விலைப்படுதோ? எனக்கும் நாலு பரப்புச் சொல்லி வையுங்கோ" என்றான் வாழைக்குலை வியாபாரி ஒருவன்.

"எட, வீட்டோடையல்லோ சீதனம் போகுது. பொம்பிளை உள்ளுக்கு இருக்கிறா பாருங்கோவன்" என்றான் இன்னொருவன்.

கீரைக் கடகத்தோடு நின்ற ஒரு பெண் மட்டும் கிட்ட வந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கேட்டா: "பிள்ளை, வெய்யிலுக்கை இருக்கிறாய், தண்ணி கிண்ணி குடிச்சியோ?" வயது என் மனைவியிலும் பார்க்க நாலைந்து கூட இருக்கும். தன் போத்தலை நீட்டினா. வல்லைக்குப் போன பிறகும் அச்சுவேலியில் எங்களுக்கு என்று இருந்த ஒரே ஆள் அவதான். பிறகு வருகிற வீட்டுக் கதையும் அவ வாயால் வந்ததுதான்.

அந்த முதல் மாரி நல்ல மாரி. அதை மறைக்கக் கூடாது. மச்சான் வந்து, கரையில் நின்ற இரண்டு கொங்கிறீட் தூண்களில் வள்ளத்தைக் கட்டித் தந்தான். கயிறு தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. "அத்தான், இதிலை கை வையாதேங்கோ. கழட்டினாலும் இதே அளவிலை கட்டுங்கோ. தண்ணி ஏறி இறங்கும், வள்ளமும் சேந்து ஏறி இறங்கோணும்" என்றான். நான் தலையாட்டினேன். எனக்கு அந்தத் தொய்வைப் பார்க்க அந்தரமாகத்தான் இருந்தது.

கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு காலையில் புறப்படுவோம். ஆழமான இடத்தில் எஞ்சின், ஆழமில்லாத இடத்தில் நீளக் கம்பை ஊன்றித் தள்ளுவது. எங்கேயாவது கரையில் கட்டிவிட்டு, அவள் பின் கரியரில் இருக்க, ஊருக்குள் மிதிப்பேன். அச்சுவேலிச் சந்தை, உடுப்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்கள், தொண்டைமானாற்றுக் கோயில் என்று போய் வந்தோம். முப்பது வருடம் பஸ்ஸில் இருந்து நான் பார்த்தது ஊர்களின் முகத்தை. படலை, மதில், கடை, போர்ட். தண்ணீரில் இருந்து பார்த்தால் ஊர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. கொடியில் காய்கிற உள்ளுடுப்பு, உடைந்த கதிரை, எரித்த குப்பை, சுடலை, கிணற்றடியில் நின்று தனியே கதைத்துக்கொண்டு பல் விளக்குகிற மனுசன். முகத்தைப் பார்த்து எவ்வளவோ நினைத்திருந்த ஊர்கள், முதுகைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிக் களைத்துத்தான் இருந்தன.

எங்கே போனாலும் எங்கள் சனம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"நீங்கள் எவடம்?"

"வல்லைத் தண்ணி."

"தண்ணியெண்டா? இஞ்சாலை பக்கமோ, அங்காலை பக்கமோ?"

"நடுவிலை."

"அப்ப உங்களுக்கு எந்த விதானையார்?"

விதானையார் என்றால் ஊர்ப் பதிவுகளைப் பார்க்கிற அரசாங்க ஆள்; தண்ணீருக்கு அப்படி ஒருவர் இல்லை. உடுப்பிட்டியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் அரை மணித்தியாலம் யோசித்தார். கடைசியில், "விதானையார் இல்லாத ஆள் செத்தாலும் பதிய ஏலாது, தம்பி. நீர் சாகேக்கை கரைக்கு வந்து செத்துப்போடும்" என்றார். அன்றைக்கு என் மனைவி வள்ளம் வந்து சேரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததால்தான் நான் பிழை விட்டேன் என்று நினைக்கிறேன். அவளுக்கும் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாசி வந்தது. அது முடிந்தும் போனது. பங்குனியில் சொன்னாள்: "மாசி போச்சுது."

"தண்ணி வத்தத் தொடங்கீட்டுது. சேத்துக்கை கிடக்கிற வள்ளத்தை ஆரப்பா வாங்குவான்? மாரிக்குத் தண்ணி வரட்டும், வித்துப்போட்டு ஏறுவம்."

நியாயமான கதைதான். நியாயமான கதைகளில் இருக்கிற வசதி அதுதானே, யாரும் மறுத்துச் சொல்ல ஏலாது.

அந்தக் கோடையைப் பற்றி எனக்கு எழுத விருப்பம் இல்லை, ஆனால் எழுதாவிட்டால் அவள் சொன்னது விளங்காது. ஆனியில் தண்ணீர் எங்களை விட்டுப் போனது. வள்ளம் வெடித்த சேற்றின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. சுற்றிவர உப்புப் பூத்த தரை, செத்த மீன் நாற்றம், மொய்க்கிற இலையான். பகலில் தகரத்துக்குக் கீழே இருக்க முடியாது. வெளியே ஒரு மரம் இல்லை. வள்ளத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பாயைப் போட்டு, நிழலோடு சேர்ந்து நாங்களும் நகர்ந்தோம். ரோட்டால் போகிற பஸ்களில் இருந்து சனம் எட்டிப் பார்க்கும். எனக்குத் தெரிந்த டிரைவர்மார் ஹோர்ன் அடித்துக் கை காட்டுவார்கள். நானும் சேற்றுக்குள் நின்று கை காட்டுவேன், எல்லாம் நல்லபடி நடக்கிற மாதிரி.

எல்லாவற்றிலும் பெரிய வேலை குடிதண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு மைல் கட்டைக்கு மேலே தள்ளி இருந்தது. சைக்கிளில் நாலு பிளாஸ்டிக் கான் கட்டி, சேறு தொடங்குகிற இடம்வரை உருட்டி, அங்கேயிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கவேண்டும். இரண்டு நான், இரண்டு அவள். மாரியிலும் இதே வேலைதான், அப்போது சேற்றுக்குப் பதில் தண்ணீருக்குள்ளால் தூக்குவோம். கீரைக்காரி கேட்டுவிட்டுச் சொன்னா: "தண்ணியிலை குடியிருக்கிறவைக்குத்தான் தாகம் கூட." நான் அதைக் கெட்டித்தனமான சொல் என்று மனதில் எழுதி வைத்தேன். என் மனைவி அதைக் கேட்டுக் கடகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் கீரைக்காரி அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும்.

அவள் தனியாக பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ரெண்டறை. சின்னன்தான். சீமெந்து கொஞ்சம் வெடிச்சிருக்கு. கிணறு வாசலிலையப்பா, எட்டி அள்ளலாம். தண்ணி வாயிலை விட்டுப் பாத்தன், இனிக்குது."

"ம்."

"கார்த்திகை முடியமுந்திச் சொல்லட்டாம். இல்லாட்டி வேறை ஆக்கள் நிக்கினமாம்."

"பாப்பம்" என்றேன்.

எங்கள் ஊரில் "பாப்பம்" என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்லப்போனால் நானும் களைத்துப்போனேன். முழங்கால் இரண்டும் கம்பு ஊன்றி ஊன்றித் தேய்ந்துவிட்டன. வலை விழுகிறதை நூறு தரம் பார்த்தாயிற்று. பெரும்பாலும் வெறும் வலைதான் விழுந்து வெறும் வலைதான் எழும்பியது. ஆனால் கோழிக்கூடு என்று சிரித்தவர்கள் இருக்கிறார்களே. கடல் விலைக்கு வருகிறதா என்று கேட்டவர்கள் இருக்கிறார்களே. எழும்பி நிற்கிற மருமகன் இருக்கிறாரே. ஒருத்தரும் மறந்துபோயிருக்கமாட்டார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சும்மாவா சொன்னார்கள்? அப்படித்தான் நின்றேன். ஐப்பசியில் தண்ணீர் வந்து வள்ளம் மிதந்தபோது, "இப்பதானே தண்ணி வந்தது. ஒரு சுத்துச் சுத்திப்போட்டு விப்பம்" என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கானைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஐந்து நாள். தண்ணீர் தரவைக்கு ஏறியது. ஐந்தாம் நாள் பின்னேரம் இறால் பிடிக்கிற ஒருவர் தோணியில் போகிறபோது சத்தம் வைத்தார்:

"அண்ணை! தொண்டைமானாத்து அணைக் கதவு துறக்கிறாங்களாம். தண்ணி கடலுக்கு இழுக்கும். வள்ளம் கவனம்!"

இழுக்கும் என்றதும் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது: வள்ளம் அறுத்துக்கொண்டு போய்விடும். கோடையில் வள்ளம் தரையில் கிடந்தபோது மச்சான் கட்டிய கயிற்றை நான் கழற்றிவிட்டிருந்தேன். இப்போது அந்த இரண்டு தூண்களிலும் நானே கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்றால், எங்கள் அப்பர் நாம்பன் மாட்டைக் கட்டுகிற மாதிரி. மாட்டைக் கட்டினால் அடுத்தவன் தோட்டத்துக்கு அதன் நாக்குக்கூட எட்டக் கூடாது. "கயிறு நீண்டால் வழக்கு நீளும்" என்பார் அப்பர். முன்னுக்கும் பின்னுக்கும், தூணோடு ஒட்ட, ஒரு முழம்கூட விடாமல், இரட்டை முடிச்சு. இழுத்துப் பார்த்தேன், வள்ளம் அசையவில்லை. எனக்கு நல்ல திருப்தி.

உள்ளே வந்து தலை துவட்டினேன். அவள் படுத்துக்கொண்டே கேட்டாள்:

"விட்டுத்தானே கட்டினியள்?"

"ஓம். விட்டுத்தான் கட்டினனான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் எழும்பி மழைக்குள் போய் அவிழ்த்துக் கட்டியிருப்பாள். அவள் கட்டுவதுதான் சரி. அது சரி என்றால் மற்றதும் சரி. மாசியும் சரி, கிணறும் சரி, அந்த இரண்டறை வீடும் சரி. அவ்வளவு தூரத்துக்குப் போகாமல் ஒரு "ஓம்" சொன்னால் முடிந்தது. அவள் அதை நம்பி, மறுபக்கம் திரும்பி நித்திரையானாள்.

விடியற்புறம் சட்டி ஒன்று உருண்டது. பிறகு எல்லாம் உருண்டது. கதவு திறந்து தண்ணீர் வடிய, தூண்பக்கம் கயிற்றில் தொங்க, மற்றப் பக்கம் கீழே போக, வள்ளம் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டு வந்திருக்கிறது. நாங்கள் நித்திரையில் இருந்தபடியால் தெரியவில்லை. அவள் தாழ்ந்த பக்கத்தில் படுத்திருந்தாள். பலகைச் சுவர் பிளந்து, பாயோடு சேர்ந்து வெளியே தண்ணீரில் விழுந்தாள். அதற்கு மேல் மா வாளி, அதற்கு மேல் துணிப்பெட்டி. கூரையில் இருந்த சைக்கிள் அவளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

நான் இறங்கி அவளைத் தூக்கி நிறுத்தினேன். முழங்கையில் அடி. "ஒண்டுமில்லை" என்றாள். நான் தூணுக்கு ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முழு வள்ளத்தின் பாரமும் அதில் தொங்கியது, நனைந்த கயிறு கல்லாக இறுகியிருந்தது. நகம் உடைந்ததுதான் மிச்சம். அவள் பின்னால் வந்து நின்றாள். முடிச்சைப் பார்த்தாள். தூணுக்கும் வள்ளத்துக்கும் இடையில் இருந்த கயிற்றின் நீளத்தைப் பார்த்தாள். மற்றத் தூணையும் திரும்பிப் பார்த்தாள். கடற்காரன் மகளுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அப்போதுதான் அதைச் சொன்னாள்.

எனக்கு வாய் திறந்தது. முப்பது வருடம் பொறுக்கிச் சேர்த்த சொல்லுகளில் ஒன்றாவது வந்து உதவும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. "கை நோகுதோ?" என்று மட்டும் கேட்டேன். வாளியை எடுத்து வள்ளத்துக்குள் நின்ற தண்ணீரை இறைக்கத் தொடங்கினேன். இறைத்தாலும் ஒன்றுதான், இறைக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அவள் சரிந்த குசினிக்குள் கையை விட்டுத் துழாவினாள். குக்கரை எடுத்தாள். பிறகு பானை, நனையாமல் தகரத்துக்குள் இருந்த அரிசி, பொலித்தீன் பையில் சுற்றிய நெருப்புப்பெட்டி, ஒரு துண்டுக் கருவாடு. ஒவ்வொன்றாக, நோகாத கையால், நாலு நடையில் கரைக்குக் கொண்டுபோனாள். உடைந்த சுவர்ப் பலகை ஒன்றைக் காற்றுக்கு மறைப்பாக ஊன்றி, தரவைப் புல்லில் குக்கரை வைத்து, பற்றவைத்தாள். கானில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரை ஊற்றி உலை வைத்தாள். கருவாட்டை நெருப்பில் வாட்டினாள். வாசம் எனக்கு வந்தது. நான் இறைத்துக்கொண்டே இருந்தேன்.

சோறு வெந்ததும் ஒரு கோப்பையில் போட்டு, பாலத்துப் பக்கம் பார்த்தபடி இருந்து சாப்பிட்டாள். எங்களுக்குக் கலியாணமாகி முப்பத்தாறு வருடம். நான் பஸ்ஸால் எத்தனை மணிக்கு வந்தாலும் எனக்குப் போடாமல் அவள் சாப்பிட்டதில்லை. அன்றைக்கு அவசரம் இல்லாமல், ஒவ்வொரு பிடியாக, முழுவதும் சாப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. கோப்பையைக் கழுவினாள். பானையில் பாதிக்கு மேல் சோறு இருந்திருக்கவேண்டும், அதன்மேல் மிச்சக் கருவாட்டை வைத்து மூடினாள். காகத்துக்கும் நாய்க்கும் எட்டாமல் இருக்க ரோட்டோரம் போய் ஒரு கல் பொறுக்கிவந்து மூடியின்மேல் வைத்தாள். சேலையைப் பிழிந்து உதறினாள். தலைமயிரை அள்ளி முடிந்தாள். பிறகு ரோட்டுக்கு ஏறி, உடுப்பிட்டிப் பக்கம் போகிற பஸ் வருமட்டும் நின்று, வந்ததும் கையைக் காட்டி ஏறிப் போனாள்.